கார் வராத பாலம்

ஹேமர்ஸ்மித் பாலத்தில் 2019 ஏப்ரல் 10-ஆம் தேதியோடு காரும் பஸ்ஸும் நின்றன. மேற்கு லண்டனில் தேம்ஸைக் கடக்கும் அந்தப் பாலத்தில் அதுவரை தினமும் 22,000 வண்டிகள் வரை போய்வந்துகொண்டிருந்தன. மூடியதில் யார் யாருக்கு நஷ்டம் என்று கேட்டால் பெரிய பட்டியலே போடலாம். எனக்கு லாபம். ஆற்றுக்குத் தெற்கே ரோஹாம்ப்டனில் வீடு, வடக்கே ஹேமர்ஸ்மித் பக்கம் ஒரு மருத்துவமனைப் பரிசோதனைக்கூடத்தில் வேலை, இரண்டுக்கும் நடுவில் இந்தப் பாலம். போவது சைக்கிளில். இந்த லாபத்தைப் பற்றி அக்கம்பக்கத்தில் வாய் திறக்கக்கூடாது என்பதைச் சீக்கிரமே தெரிந்துகொண்டேன். அதனால் இங்கே எழுதுகிறேன்.

மூடுவதற்கு முன்பு அந்தப் பாலம் எனக்குப் பிடித்ததே இல்லை. வீட்டிலிருந்து பாதை கிட்டத்தட்ட நேர்கோடு: ரோஹாம்ப்டன் லேன், பார்ன்ஸ் பொதுவெளியை ஒட்டிய ராக்ஸ் லேன், அப்புறம் காசல்நவ் என்ற நீண்ட, மரங்கள் நிறைந்த சாலை. அதன் முடிவில் பாலம். அதுவரை நிம்மதியாக வந்தவனுக்குப் பாலத்தில் ஏறியதும் தோள் இறுகிவிடும். திசைக்கு ஒரு வரிசைதான். சைக்கிளை முந்த இடம் கிடையாது, ஒதுங்கவும் கிடையாது. பின்னால் ஒரு பஸ் வந்தால் அதன் டிரைவரின் பொறுமை தீர்வதற்குள் மறுகரைக்குப் போய்விட வேண்டும். மரத்தளம் டகடகவென்று அதிரும். பஸ் பக்கத்தில் வரும்போது பாலம் மேலும் கீழும் ஆடுவது ஹேண்டில்பாரில் தெரியும். தொங்கு பாலம் என்றால் ஆடத்தான் செய்யும் என்று எனக்கு நானே சொல்லிக்கொள்வேன். அங்கே ஏற்கெனவே மாடி பஸ்களுக்குத் தடை, கனரக வண்டிகளுக்குத் தடை, பஸ்களிலும் ஒரு நேரத்தில் இத்தனைதான் என்ற கட்டுப்பாடு. இவ்வளவு கட்டுப்பாடு போட்ட பாலத்துக்கு உடம்பு சரியில்லை என்பது யாருக்கும் ரகசியமாக இருந்திருக்க முடியாது.

மூடிய மறுநாள் காலையில் பாலத்தின் முனையில் தடுப்புகள் வைத்திருந்தார்கள். நடப்பவர்களும் சைக்கிள்காரர்களும் போகலாம். நடுச்சாலை முழுக்க எங்களுக்கு. பச்சையும் தங்கமுமாகப் பூசிய அந்தக் கோபுரங்களை அன்றுதான் தலையைத் தூக்கிப் பார்த்தேன். அதற்கு முன் பார்த்ததெல்லாம் முன்னால் போகும் வண்டியின் பிரேக் விளக்கைத்தான். நடுவில் நிறுத்தி, வடகரைப் படகுக் கழகங்களையும் தென்கரையில் ஹேரட்ஸ் கடையின் பழைய கிடங்குக் கட்டடத்தையும் ஆற அமரப் பார்த்தேன். எனக்கு முன்னால் ஒருவர் தன் சின்னப் பெண்ணுக்குச் சைக்கிள் ஓட்டக் கற்றுக்கொடுத்துக்கொண்டிருந்தார். முந்தின வாரம் வரை அந்த இடத்தில் நினைத்தே பார்க்க முடியாத காரியம்.

பாலத்துக்கு என்ன வியாதி என்பதைச் சொல்லிவிடுகிறேன். இதைத் தெரிந்துகொண்ட பிறகு எனக்கு அதன் மேல் கோபம் போய் ஒருவித மரியாதை வந்துவிட்டது.

அந்த இடத்தில் முதல் பாலம் 1827-ல் வந்தது. தேம்ஸ் மேல் கட்டிய முதல் தொங்கு பாலம் அதுதான். கட்டியவர் வில்லியம் டியர்னி கிளார்க். புடாபெஸ்ட்டில் டான்யூப் மேல் இருக்கும் புகழ்பெற்ற சங்கிலிப் பாலத்தை வடிவமைத்தவரும் இவரே. ஆக்ஸ்ஃபோர்டு, கேம்பிரிட்ஜ் படகுப் போட்டியைப் பார்க்க 1870-ல் பத்தாயிரத்துக்கும் மேற்பட்டவர்கள் பாலத்தில் ஏறி நின்றதில், இது தாங்குமா என்ற கவலை வந்தது. அதை எடுத்துவிட்டு 1887-ல் இப்போதிருக்கும் பாலத்தைக் கட்டியவர் ஜோசப் பேசல்ஜெட். லண்டனின் கழிவுநீர்ச் சுரங்கங்களைக் கட்டி அந்த நகரத்தைக் காலராவிலிருந்து மீட்ட அதே பேசல்ஜெட். செலவைக் குறைக்கப் பழைய பாலத்தின் அடித்தளத்தின் மேலேயே புதியதை ஏற்றினார்.

இந்தப் பாலத்தைத் தாங்குவது கம்பிவடம் கிடையாது, சங்கிலி. பட்டைப் பட்டையான இரும்புக் கண்ணிகளைக் கோர்த்த சங்கிலிகள் இரண்டு கோபுரங்களின் மேலேறி இறங்கி, நான்கு மூலைகளிலும் தரைக்குள் போய் நங்கூரமாகின்றன. தரைக்குள் இறங்குமிடத்தில் சங்கிலி திசை திரும்புகிறது. அந்தத் திருப்பத்தைத் தாங்குவதற்கு மூலைக்கு ஒன்றாக வார்ப்பிரும்புப் பீடங்கள் நான்கு. வெயிலில் சங்கிலி நீளும், குளிரில் சுருங்கும். அப்படி நீளும்போதும் சுருங்கும்போதும் நகர்ந்து கொடுப்பதற்காகவே பேரிங்குகள் வைத்திருந்தார்கள். நூறு வருஷத்துக்கு மேல் ஆனதில் அவை துருப்பிடித்த கீல் போல இறுகிவிட்டன. நகர வேண்டிய இடத்தில் நகர்ச்சி நின்றதும் அந்த இழுவை முழுவதும் பீடத்தின் மேல் போனது. வார்ப்பிரும்பு எவ்வளவு அழுத்தினாலும் தாங்கும், இழுத்தால் தாங்காது. வளைந்து கொடுக்கத் தெரியாத உலோகம், விரிசல் விடும். விட்டது. அந்த மயிரிழை விரிசல்களைக் கண்டுபிடித்த பிறகுதான் 2019-ல் வண்டிகளை நிறுத்தினார்கள்.

பஸ்ஸின் எடையால்தான் பாலம் கெட்டது என்று எங்கள் பக்கம் இன்னமும் சிலர் சொல்கிறார்கள். பாதி உண்மை. குதிரை வண்டிக் காலத்துப் பாலத்தின் மேல் பஸ்ஸை ஓட்டியது தப்பு என்றால், அந்தப் பேரிங்குகளைப் பல தலைமுறைகளாக யாரும் மாற்றாமல் விட்டது அதைவிடப் பெரிய தப்பு.

2020 ஆகஸ்ட் வெயிலில் விரிசல்கள் வளர்ந்தன. 13-ஆம் தேதி எல்லாவற்றையும் நிறுத்திவிட்டார்கள். நடக்கவும் கூடாது, சைக்கிளும் கூடாது. பாலத்துக்கு அடியில் படகு கூடப் போகக்கூடாது. அடுத்த வருஷப் படகுப் போட்டியையே லண்டனில் நடத்த முடியாமல், கேம்பிரிட்ஜ்ஷயரில் ஈலி என்ற ஊருக்குக் கொண்டுபோனார்கள். கொரோனாவும் ஒரு காரணம், பாலமும் ஒரு காரணம்.

எனக்கு அது மிகவும் மோசமான காலம். பரிசோதனைக்கூட வேலையை வீட்டிலிருந்து பார்க்க முடியாது. தடுப்பூசி வராத நேரம், பஸ்ஸில் ஏறவும் பயம். சைக்கிளில்தான் போயாக வேண்டும், ஆனால் பாலம் இல்லை. எனக்கு இருந்தது மூன்று வழி.

முதலாவது பட்னி பாலம். என் வீட்டிலிருந்து கணக்குப் போட்டால் இரண்டு கிலோமீட்டர்தான் கூடுதல். தூரம் பிரச்சினையில்லை, ஃபுல்ஹாம் பேலஸ் ரோடுதான் பிரச்சினை. பட்னியிலிருந்து ஹேமர்ஸ்மித்துக்குப் போகும் அந்தச் சாலை குறுகல். சைக்கிளுக்குத் தனிப்பாதை கிடையாது. ஹேமர்ஸ்மித் பாலத்தில் போக முடியாத வண்டிகளில் பாதியும் அங்கேதான் வந்து நிற்கும். நின்ற வண்டிகளுக்கு நடுவில் ஆம்புலன்ஸ் வழி கேட்டு அலறும். இருபக்கமும் கதவைத் திறந்துவிடுவார்களோ என்ற பயத்திலேயே அந்தச் சாலையைக் கடந்திருக்கிறேன்.

இரண்டாவது, பார்ன்ஸ் ரயில் பாலத்தை ஒட்டிய நடைபாதை. கார் கிடையாது, அமைதியாக இருக்கும். ஆனால் படிக்கட்டு. சைக்கிளைத் தோளில் தூக்கிக்கொண்டு ஏற வேண்டும், அந்தப் பக்கம் தூக்கிக்கொண்டு இறங்க வேண்டும். மடக்கு சைக்கிள் வைத்திருப்பவர்கள் புன்னகையோடு தாண்டிப் போவார்கள். என்னுடையது பழைய இரும்புச் சட்டம்.

மூன்றாவது ஆற்றங்கரைப் பாதை. மூடிக்கிடக்கும் ஹேமர்ஸ்மித் பாலத்தின் தென்முனையிலிருந்து பட்னி வரை தேம்ஸ் ஓரமாகவே ஒரு மண்பாதை போகிறது. ஃபுல்ஹாம் பேலஸ் ரோட்டில் இருந்து தப்ப முடியாவிட்டாலும், பட்னி வரைக்குமாவது நிம்மதி என்று அதில் போக ஆரம்பித்தேன். கிடங்குக் கட்டடம், ஈரநிலப் பறவைச் சரணாலயத்தின் வேலி, பெவர்லி ஓடையின் மேல் சின்னப் பாலம், எதிர்க்கரையில் ஃபுல்ஹாம் கால்பந்து மைதானம், கடைசியில் பட்னி படகுத்துறை. மழை நாளில் சேறு முழங்கால் வரை தெறிக்கும். அதைக்கூடப் பொறுத்துக்கொள்ளலாம். தேம்ஸ் இங்கே கடலோடு சேர்ந்து ஏறி இறங்கும் ஆறு. தினமும் இரண்டு முறை ஓதம் வரும். பெரிய ஓதம் வந்தால் பட்னி படகுத்துறைச் சாலையே தண்ணீருக்கடியில் போய்விடும். அங்கே நிறுத்திய கார்கள் மிதப்பதைப் பார்க்கவென்றே சிலர் வருவதுண்டு.

ஓதம் எப்போது வரும் என்று பார்க்கத் துறைமுக நிர்வாகத்தின் அட்டவணை இருக்கிறது. என் வீட்டுச் சமையலறையில் தொங்கும் தினசரிக் காலண்டரே எனக்குப் போதுமானதாக இருந்தது. அமாவாசை, பௌர்ணமி கழிந்த ஓரிரு நாளில்தான் ஓதம் உச்சத்தில் இருக்கும். அந்த நாட்களில் மண்பாதையை விட்டுவிட்டு மேல்சாலையில் போவேன். என்னோடு வேலை செய்பவர்களுக்கு இது பெரிய அதிசயமாக இருந்தது. அப்பா அமாவாசைக்குத் தர்ப்பணம் மறக்காமல் இருக்கட்டும் என்று வருஷா வருஷம் அனுப்பும் காலண்டர் அது. இந்த உபயோகத்தை அவரிடம் சொல்லவில்லை.

அந்தச் சமயத்தில் தெரிந்துகொண்ட விஷயம் ஒன்று இன்னும் என் மனதைக் குடைகிறது. பட்னி பாலத்தைக் கட்டியவரும் பேசல்ஜெட்தான். 1886-ல் திறந்தது, ஹேமர்ஸ்மித்துக்கு ஒரே ஒரு வருஷம் மூத்தது. ஆனால் அது கார்ன்வால் கருங்கல்லில் ஐந்து வளைவுகளாகக் கட்டியது. கல் வளைவுக்கு அழுத்தம் மட்டும்தான் தெரியும், பாரம் ஏற ஏற ஒன்றையொன்று இறுகப் பிடித்துக்கொள்ளும். நகரும் பாகம் எதுவும் அதில் இல்லாததால் கவனிக்க ஆளில்லாவிட்டாலும் தாக்குப்பிடிக்கிறது. அதன் மேல் இன்றும் மாடி பஸ்கள் வரிசையாகப் போகின்றன. ஒரே ஆள், ஒரே ஆறு, ஒரே காலம். இரும்புப் பாலம் அழகாகவும் மலிவாகவும் வந்தது, ஆனால் அதற்கு எண்ணெய் போட ஒருவர் வேண்டும்.

2021 ஜூலை 17-ல் நடப்பவர்களுக்கும் சைக்கிளுக்கும் பாலத்தை மறுபடி திறந்தார்கள். பீடங்களில் வெப்பநிலையைக் கட்டுப்படுத்தும் ஏற்பாடும், விரிசல் வளர்ந்தால் அந்தச் சத்தத்தை வைத்தே கண்டுபிடிக்கும் சென்சார்களும் வைத்திருந்தார்கள். அடுத்த வருஷம் பாலத்தை நிலைப்படுத்தும் வேலை ஆரம்பித்தது. பீடங்களுக்குள் கான்கிரீட் நிரப்புவது, ஜாக்கி வைத்துச் சங்கிலியைத் தூக்குவது, இறுகிப்போன பேரிங்கை எடுத்துவிட்டு ரப்பர் பேரிங் வைப்பது. அது நடந்த காலத்தில் நாங்கள் ஓரத்து நடைபாதையில் சைக்கிளைத் தள்ளிக்கொண்டுதான் போக வேண்டும். ‘இறங்கித் தள்ளவும்’ என்று பலகை. பலகையை மதிக்காதவர்களை நிறுத்த மஞ்சள் சட்டைக் காவலர்கள். இதற்காக முணுமுணுக்காத சைக்கிள்காரரை நான் பார்த்ததில்லை. அந்த நடைபாதை கோபுரங்களின் வெளிப்புறமாகச் சுற்றிப் போகிறது. எதிரே ஒரு தள்ளுவண்டிக் குழந்தை வந்தால் சைக்கிளை நிமிர்த்திப் பிடித்துக்கொண்டு கம்பியோடு ஒட்டி நிற்க வேண்டியதுதான்.

தள்ளிக்கொண்டு போனதால்தான் கைப்பிடியில் பதித்திருக்கும் சின்னப் பட்டயம் கண்ணில் பட்டது. தென்னாப்பிரிக்காவைச் சேர்ந்த விமானப்படை அதிகாரி சார்ல்ஸ் கேம்பல் வுட், 1919 டிசம்பர் 27 நள்ளிரவில் அந்த இடத்திலிருந்து ஆற்றில் குதித்து ஒரு பெண்ணைக் காப்பாற்றினார், அதில் பட்ட காயத்தால் இறந்தார். இதே பாலத்தில் 1939-ல் நடந்த இன்னொரு கதையும் உண்டு. மாரிஸ் சைல்ட்ஸ் என்ற முடிதிருத்துநர் நள்ளிரவுக்கு மேல் வீட்டுக்கு நடந்துபோகும்போது, ஒரு பெட்டி புகைந்துகொண்டிருப்பதைப் பார்த்தார். தூக்கி ஆற்றில் வீசினார். ஐரிஷ் குடியரசுப் படை வைத்த குண்டு அது. 1996-ல் வைத்தது வெடிக்கவில்லை. 2000-ல் வைத்தது வெடித்தது. குண்டுகளைத் தாங்கிய பாலத்தைக் கடைசியில் படுக்கவைத்தது துரு.

2022 ஜூலையில் இங்கிலாந்தின் வெப்பம் முதல்முறையாக நாற்பது டிகிரியைத் தாண்டியது. அந்த வாரம் பாலத்தின் சங்கிலிகளுக்கு வெள்ளித்தாள் சுற்றிவிட்டிருந்தார்கள், வெயில் பட்டு நீண்டுவிடக்கூடாது என்று. படம் எடுத்து ஸ்ரீரங்கத்தில் இருக்கும் தங்கைக்கு அனுப்பினேன். “நாப்பது டிகிரிக்கா இந்த அலங்காரம்?” என்று சிரித்தாள். இரண்டு மாதத்தில் அவளுக்கே வந்தது. திருச்சியையும் ஸ்ரீரங்கத்தையும் இணைக்கும் 1976-ஆம் வருஷத்துக் காவிரிப் பாலத்தை, செப்டம்பரில் பழுதுபார்க்க மூடினார்கள். முதலில் டூவீலர்களை விட்டார்கள், அப்புறம் அதையும் நிறுத்தினார்கள். சத்திரம் பஸ் நிலையத்துக்குப் போக பைபாஸ் பாலத்தைச் சுற்ற வேண்டியிருக்கிறது என்று தினமும் போனில் புலம்பினாள். இணைப்புகளையும் பேரிங்குகளையும் சரிசெய்து 2023 மார்ச்சில் திறந்துவிட்டார்கள். “ஆறு மாசத்துல எங்க ஊர்ல முடிச்சுட்டாங்கண்ணா. உங்க வெள்ளைக்காரங்க என்னதான் பண்றாங்க?” என்று கேட்டாள். என்னிடம் பதில் இல்லை. அது கான்கிரீட், இது சங்கிலி, இது பட்டியலிட்ட பாரம்பரியச் சின்னம் என்றெல்லாம் சொல்லிப் பார்த்தேன். அவள் நம்பவில்லை.

உண்மையான பதில் பணம். முழுதாகப் புதுப்பித்துக் கார், பஸ் விடும் நிலைக்குக் கொண்டுவர 250 மில்லியன் பவுண்டு வரை ஆகும் என்கிறார்கள். நம் கணக்கில் 2,500 கோடி ரூபாய்க்கு மேல். பாலத்தின் சொந்தக்காரர் வடகரையில் இருக்கும் ஹேமர்ஸ்மித் அண்ட் ஃபுல்ஹாம் கவுன்சில். எண்பதுகளில் லண்டன் பெருநகர நிர்வாகத்தைக் கலைத்தபோது அவர்கள் கைக்கு வந்தது. ஆனால் பாலம் இல்லாமல் அதிகம் திண்டாடுவது தென்கரையில் இருக்கும் பார்ன்ஸ். அது ரிச்மண்ட் கவுன்சில். யார் வாக்குப் போடுகிறார்களோ அவர்களுக்குச் செலவழிக்கத்தான் கவுன்சில் யோசிக்கும், அக்கரைக்காரர்களுக்காக ஏன் கடன் வாங்கப் போகிறது? நிலைப்படுத்தும் வேலைக்கே கவுன்சில், லண்டன் போக்குவரத்து நிறுவனம், மத்திய அரசு மூன்றும் மூன்றில் ஒரு பங்கு என்று பிரித்துக்கொண்டன. பெரிய வேலைக்கு வரும்போது மூவரும் அடுத்தவர் முகத்தைப் பார்க்கிறார்கள். பழைய பாலத்துக்குள்ளேயே இரண்டடுக்குத் தற்காலிகப் பாலம் ஒன்றை நுழைத்துவிடலாம் என்று பெரிய கட்டடக் கலைஞர்கள் படம் வரைந்து கொடுத்தார்கள். படம் அழகாக இருந்தது.

எங்கள் மாடியில் யாழ்ப்பாணத்து ஆன்டி ஒருவர் இருக்கிறார். எழுபதைத் தாண்டியவர். முன்பு வீட்டுக்குப் பக்கத்தில் 72-ஆம் நம்பர் பஸ்ஸில் ஏறினால் ஹேமர்ஸ்மித்தில் இறங்குவார், மருத்துவமனை, கடை, சிநேகிதி வீடு எல்லாம் அந்தப் பக்கம். இப்போது தென்முனையில் பஸ்ஸை விட்டு இறங்கி, இருநூறு மீட்டருக்கு மேல் பாலத்தை நடந்து, மறுபக்கம் மறுபடி பஸ் பிடிக்க வேண்டும். பாலம் காற்றோட்டமாக நன்றாக இருக்கிறது என்று ஒருமுறை படிக்கட்டில் சொல்லிவிட்டேன். “உமக்கென்ன தம்பி, சைக்கிள் இருக்கு. எனக்கு முழங்காலெல்லோ போச்சுது” என்றார். கோபமாகக்கூடச் சொல்லவில்லை.

அதிலிருந்து இதைப் பற்றி நிறைய யோசித்திருக்கிறேன். என் கட்சி இதுதான்: கார் வேண்டாம், பஸ் வேண்டும். காருக்காக 250 மில்லியன் செலவழித்தால் அந்த 22,000 வண்டிகளும் திரும்பி வந்து காசல்நவ்வில் புகை கக்கிக்கொண்டு நிற்கும், அவ்வளவுதான் நடக்கும். பார்ன்ஸில் கார் வைத்திருப்பவர்கள் சுற்றிப் போகப் பழகிவிட்டார்கள். நடக்க முடியாதவர்களுக்குத்தான் பழக்கம் உதவாது. எடை குறைந்த சின்ன மின்வண்டி ஒன்று பாலத்தின் இரு முனைகளுக்கும் இடையில் போய்வந்தால் ஆன்டியின் பிரச்சினையில் முக்கால்வாசி தீரும். இப்படிப்பட்ட யோசனைகள் ஏற்கெனவே வந்திருக்கின்றன, எதுவும் நடக்கவில்லை. கார் விடாத பாலத்துக்கு எதற்குச் செலவு என்று ஒரு கூட்டம், பஸ் விட்டால் பின்னாலேயே கார் வந்துவிடும் என்று என்னைப் போன்ற சைக்கிள்காரர்களில் ஒரு கூட்டம். இரண்டாவது கூட்டத்தின் மேல்தான் எனக்கு அதிக எரிச்சல். கிடைத்த வசதியைப் பங்குபோட மனமில்லாததற்குச் சுற்றுச்சூழல் என்று பெயர் வைக்கிறார்கள்.

2025 ஏப்ரலில் நிலைப்படுத்தும் வேலை முடிந்து நடுச்சாலையை மறுபடி எங்களுக்குத் திறந்துவிட்டார்கள். ஏறி மிதித்துக்கொண்டே போகலாம், யாரும் இறங்கச் சொல்வதில்லை. காலை ஷிஃப்டுக்குப் போகும்போது எதிரே வருகிற முகங்கள் பாதிக்கு மேல் தெரிந்தவை, தலையசைத்துக்கொள்வோம். வடமுனையில் இறங்கியதும் ஹேமர்ஸ்மித் பிராட்வேயின் சுற்றுச்சாலை வந்து பழைய லண்டனை நினைவூட்டிவிடும். புதிதாக இந்த வழியில் வருபவர்கள் அங்கே மட்டும் ஜாக்கிரதையாக இருங்கள்.

போன மாதம் ஆன்டியை வாசலில் பார்த்தபோது, குழந்தைகளை முன்பெட்டியில் உட்காரவைத்து ஓட்டும் சரக்கு சைக்கிள் ஒன்று எங்களைத் தாண்டிப் போனது. அதைக் காட்டி, “உம்மட சைக்கிளிலையும் இப்பிடி ஒரு பெட்டி பூட்டுமன். நான் ஏறி இருக்கிறன்” என்றார். கடையில் விலை விசாரித்தேன். மோட்டார் வைத்ததாக வாங்கினால் நல்ல பழைய கார் ஒன்றே வாங்கிவிடலாம் போலிருந்தது. ஆன்டியிடம் சொன்னேன். “அப்ப பஸ்ஸையே விடச் சொல்லும்” என்றார். கவுன்சிலுக்கு எழுதியிருக்கிறேன்.